உதவியும் மக்கள்தொகையும்: நண்பருக்கு ஒரு பதில்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, மறுபடியும் காலையில் நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தோம். இங்கு அனைவரும் நலம்.

2025இல் அமெரிக்கா, பிற நாடுகளுக்கு உதவி வழங்கிவந்த தன் யு.எஸ்.எய்ட் அமைப்பை மூடியதை வரவேற்று, மக்கள்தொகை பெருகும் நாடுகளுக்கு உணவும் மருந்தும் அனுப்புவது நாளைய பசியை வளர்ப்பதாகும் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு; முடிவைத்தான் ஏற்க இயலவில்லை.

அமெரிக்க அறிஞர் காரெட் ஹார்டின் 1974இல் இதே வாதத்தை முன்வைத்தார். அதே ஆண்டில் வெள்ளமும் அரிசி விலையேற்றமும் சேர்ந்து வங்கதேசத்தைப் பஞ்சத்தில் தள்ளின. தான் வணிகத் தடை விதித்திருந்த கியூபாவுக்கு வங்கதேசம் சணல் சாக்கு விற்றதைக் காரணம் காட்டி அமெரிக்கா உணவு உதவியை நிறுத்தி வைத்தது. அந்நாட்டின் வடக்கே ரங்பூரில் பட்டினியால் மாண்ட விவசாயக் கூலிக்கு அந்தச் சாக்கு வியாபாரத்தில் என்ன பங்கு? நாட்டின் பிறப்பு விகிதத்துக்கும் அவரா பொறுப்பு?

டாக்காவுக்குத் தென்கிழக்கே, ஆறுகள் சூழ்ந்த மத்லாப் பகுதியில் பின்னர் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1975இல் அங்கே, வெளிநாட்டு உதவியில் இயங்கிய ஓர் ஆய்வு நிறுவனத்தார் ஊர் மருத்துவச்சிகள் மூலம் கருத்தடை மாத்திரைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் பலர் வாங்கினார்கள்; ஆனால் உடல் உபாதை வந்தால் கவனிக்க ஆளில்லாததால் பலர் விட்டுவிட்டார்கள். 1977இல் முறையை மாற்றி, அந்தந்த ஊரைச் சேர்ந்த, படித்த, மணமான இளம் பெண்களைப் பணியில் அமர்த்தினார்கள். வெளியே வரத் தயங்கிய பெண்களின் வீட்டுக்கே இரு வாரங்களுக்கு ஒரு முறை சென்று, பல வழிகளைச் சொல்லி, விரும்பியதைத் தேர்ந்துகொள்ள விட்டு, உபாதைகளையும் அவர்கள் கவனித்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பெண்கள் கருத்தடையைக் கடைப்பிடிக்கத் தொடங்கினார்கள். 1970களில் ஒரு வங்கதேசப் பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல். இன்று இரண்டுக்குச் சற்று மேல். இடைப்பட்ட காலத்தில் மக்கள்தொகை இரு மடங்குக்கு மேல் பெருகியது உண்மைதான், ஆயினும் நெல் விளைச்சல் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது.

உதவி என்ற பெயரில் நடந்தவை எல்லாம் நல்லவை என்று நான் வாதிடவில்லை. 1980களில் அதே நாட்டில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்களுக்குப் புடவையும், ஆண்களுக்கு லுங்கியும், இருவருக்கும் கையில் பணமும் தரப்பட்டன, அதில் யு.எஸ்.எய்ட் நிதியும் இருந்தது. வேலையற்ற மாதங்களில் அடுப்பெரியாத வீட்டுப் பெண்ணிடம் அவ்வாறு பெறும் சம்மதத்தைச் சம்மதம் என்று என் மனம் ஒப்பவில்லை. சோற்றை மறுத்துப் பிறப்பைக் குறைக்க நினைப்பதும், பசியைப் பயன்படுத்தி அறுவைக்கு அழைப்பதும் ஒரே அநீதிதான் என்று கருதுகிறேன்.

ஏழை நாடுகளின் குடும்பநலத் திட்டங்களுக்கு உலகிலேயே அதிகமாக நிதியளித்த அரசு அமெரிக்காதான், யு.எஸ்.எய்டோடு அந்தப் பணியும் முடங்கிப்போனது. மக்கள்தொகை குறித்து இவ்வளவு கவலைப்படும் நீங்கள் அதை எப்படி வரவேற்கிறீர்கள்? அடுத்த கடிதத்தில் விளக்கமாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்