கடனை விடுங்கள், எங்கள் பில்லுக்குப் பணம் வரட்டும்

ஒன்றிய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் ஏழு பேரை வைத்து ஒரு லேத் பட்டறை நடத்துகிறேன். பம்புக்கான ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கிறோம். கடன் மேளா என்றால் யாராவது போன் செய்து கூப்பிடுகிறார்கள். போன மாதமும் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஏன் போகவில்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஒரே ஒரு பில்லின் கதையைச் சொல்கிறேன். சரக்கு 4 லட்சம் ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 72,000, மொத்தம் 4,72,000. கம்பி வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு, மிச்ச ஜிஎஸ்டியை அடுத்த மாதமே கட்டிவிட்டேன். கம்பிக் கடையில் ரொக்கம் வைத்தால்தான் லோடு ஏறும். சம்பளம் சனிக்கிழமை சனிக்கிழமை. கரண்ட் பில்லுக்குத் தவணை சொல்ல முடியுமா? பார்ட்டி, அதாவது சரக்கு வாங்கிய கம்பெனி, பணம் போட்டது 130ஆம் நாள். சட்டம் தரும் கெடு 45 நாள். மீதி 85 நாளுக்கு வங்கி ஓவர்டிராஃப்ட் (ஓடி) கடனில் 11 சதவீத வட்டி கட்டியதில் ஏறத்தாழ 12,000 ரூபாய் போனது. அந்த ஆர்டரில் நின்ற லாபத்தில் அது பாதி. ஆக, நான் வங்கியில் வட்டிக்கு வாங்கி, என்னைவிடப் பல மடங்கு பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறேன்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஓடி வரம்புக்காகச் சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் எழுதி வங்கியில் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில், 90 நாளைத் தாண்டிய பாக்கியைப் பல வங்கிகள் கணக்கில் எடுப்பதில்லை. அதாவது, பார்ட்டி எவ்வளவு இழுக்கிறாரோ அவ்வளவு என் ஓடி வரம்பும் சுருங்கும். நானே தவணையை 90 நாள் தாண்டவிட்டால் என் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், சிபில் ஸ்கோர் போய்விடும். என் பணத்தை 130 நாள் வைத்திருந்தவருக்கு எந்த ஸ்கோரும் குறையவில்லை.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அடமானம் இல்லாமல் கடன் கிடைக்க வங்கிக்கு உத்தரவாதம் தரும், 2000இல் தொடங்கிய கடன் உத்தரவாத அறக்கட்டளையின் வரம்பு 2023இல் 5 கோடி ஆனது, 2025 ஏப்ரலில் 10 கோடி ஆனது. என் பட்டறையில் ஓடும் விஎம்சி என்ற கம்ப்யூட்டர் கடைசல் மெஷினே அந்த உத்தரவாதத்தில் வந்ததுதான், வீட்டுப் பத்திரத்தை யாரும் கேட்கவில்லை. மெஷின் வாங்கிய கடன் உழைத்துத் தன்னைத்தானே அடைத்துக்கொள்கிறது. வராத பில்லை ஈடுகட்ட வாங்கும் கடன் அப்படி இல்லை. அது வெறும் ஓட்டை அடைப்பு.

சட்டத்திலும் குறை சொல்ல முடியாது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சரக்கில் குறை இருந்தால் 15 நாளில் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். புகார் செய்ய 2017இல் சமாதான் என்ற இணையதளம் வந்தது. எல்லாம் சரி. ஆனால் புகார் செய்ய வேண்டியது நான். என் வருமானத்தில் பாதி அந்த ஒரு பார்ட்டியிடமிருந்து வருகிறது. வார்ப்படத்துக்கு அச்சு செய்யும் பேட்டர்ன் வேலைக்கார நண்பர் ஒருவர் துணிந்து புகார் கொடுத்தார். பாக்கி வந்தது, உண்மைதான். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு ஆர்டர்கூட வரவில்லை.

வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்தபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது. எங்களுக்குத் தராமல் கெடு தாண்டி நிற்கும் தொகையை, கொடுக்கும் வரை வாங்கிய கம்பெனி செலவுக் கணக்கில் காட்டி வரியைக் குறைக்க முடியாது என்ற விதி. 2024 மார்ச் கடைசி வாரத்தில் பழைய பாக்கியெல்லாம் மளமளவென்று வந்து விழுந்தது. அப்புறம் ஏப்ரலில் கொள்முதல் பிரிவிலிருந்து போன்: "உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வந்தீங்கன்னா ஆர்டர் தொடரலாங்க." உத்யம் என்பது நான் சிறு தொழில் என்பதற்கான அரசுப் பதிவு, அது இருந்தால்தான் இந்த விதி அவர்களைப் பிடிக்கும். நான் ரத்து செய்யவில்லை. ஆர்டர் பாதியாகக் குறைந்தது.

ட்ரெட்ஸ் தளம் பற்றியும் ஒரு வார்த்தை. பில்லை ஏலத்தில் விட்டு வங்கியிடம் உடனே பணம் வாங்கலாம், நல்ல யோசனை. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச்சுக்குள் சேர வேண்டும் என்றும் ஆணையிட்டீர்கள். சேர்ந்திருப்பார்கள். ஆனால் என் பில்லை அவர்கள் அங்கே ஏற்றுக்கொண்டால்தான் ஏலமே நடக்கும். கேட்டுப் பார்த்தேன். "நம்ம சிஸ்டத்துல அது இன்னும் வரலைங்க" என்றார்கள்.

எனவே நான் கேட்பது புதுத் திட்டம் அல்ல. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்எஸ்எம்இ-1 படிவத்தில் அதை எழுதி கம்பெனி விவகார அமைச்சகத்திடம் கொடுக்க வேண்டும் என்று 2019 முதல் விதி இருக்கிறது. பில் தேதி ஜிஎஸ்டி கணக்கில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாக்கி தெரிந்தால், என் புகாருக்குக் காத்திராமல் நீங்களே நோட்டீஸ் அனுப்புங்கள். கூட்டாண்மை நிறுவனங்கள் அந்தப் படிவத்தில் வராது என்பது தெரியும், முதலில் கம்பெனிகளில் தொடங்குங்கள். நோட்டீஸில் என் பெயர் வேண்டாம், மொத்தப் பாக்கித் தொகை போதும்.

செப்டம்பர் வரையிலான படிவத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 31.

இப்படிக்கு,
கணபதி லேத் பட்டறைக்காரன்
(பெயர் போடாததற்குக் காரணம் மேலே இருக்கிறது)