பேசச் சொல்கிறோம், கேட்கச் சொல்லிக்கொடுப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் எல்லா நாளிதழ்களிலும் ஒரு பெட்டிச் செய்தி தவறாமல் வருகிறது: "பெற்றோரே, பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேசுங்கள்." நல்ல எண்ணத்தில் போடுவதுதான். அதைப் படித்துவிட்டு ஒரு தகப்பனார் அன்று சாயங்காலம் மகனைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசுகிறார். மகன் தலையைக் குனிந்தபடி இருந்துவிட்டு எழுந்துபோகிறான். பேசியாயிற்று என்று இவருக்கு நிம்மதி. பையன் மனதில் என்ன இருந்தது என்பது கடைசிவரை அந்த அறைக்கு வரவே இல்லை.

பாசம் இல்லாததால் இப்படி நடப்பதில்லை. பிறர் பேச்சைக் கேட்பது ஒரு வேலை, அதற்குச் செய்முறை உண்டு என்பது பலருக்குத் தெரியாததால் நடக்கிறது. உளவியல் ஆற்றுப்படுத்தும் (கவுன்சலிங்) பணிக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறவர்கள் நாங்கள். அந்தச் செய்முறையை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பொருந்துகிற மாதிரி உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல இடம் தர வேண்டுகிறோம்.

நாம் ஏன் குறுக்கே பேசுகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஜப்பானியம், கொரிய மொழி, டேனிஷ் உள்பட 10 மொழிகளின் அன்றாட உரையாடலை அளந்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளிவந்தது. ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே இருந்த இடைவெளி சராசரியாக 200 மில்லி விநாடிதான், அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரே ஒரு சொல்லை மனதில் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே மூளைக்கு ஏறத்தாழ 600 மில்லி விநாடி பிடிக்கிறது. அப்படியென்றால் எதிரே இருப்பவர் முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயார் செய்யத் தொடங்கிவிடுகிறோம். அவருடைய வாக்கியத்தின் வால்பகுதி காதில் விழுகிறது, மனதில் ஏறுவதில்லை. தமிழில் இதனால் நஷ்டம் அதிகம், ஏனென்றால் நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "நான் இன்ஜினியரிங் சேரணும்னு" என்று ஒரு பிள்ளை இழுத்தால், அடுத்து "ஆசையா இருக்கு" வருமா, "நீங்கதானே சொன்னீங்க" வருமா, "எனக்குத் தோணவே இல்ல" வருமா என்பது கடைசி நொடியில்தான் தெரியும். அதற்குள் "சரி சரி, எந்த காலேஜ்?" என்று நாம் போய்விட்டால், அந்தக் கடைசிச் சொல் பிறக்காமலே போகிறது.

அதனால் நாங்கள் முதலில் பழக்குவது 3 விநாடி மௌனம். எதிரே இருப்பவர் நிறுத்தியதும் ஒரு மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள். அந்த நேரம் போதும். 1970-களில் அமெரிக்க வகுப்பறைகளில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ நடத்திய ஆய்வு இதற்குச் சான்று. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடிக்கு மேல் காத்திருப்பதே அரிதாக இருந்தது. அதை 3 விநாடியாக நீட்டச் சொன்னதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். பழகாதவர்களுக்கு அந்த 3 விநாடி ஒரு யுகமாகத் தெரியும். பத்து நாளில் பழகிவிடும். ஒரு எச்சரிக்கை: அந்த மௌனத்தில் முகத்தையே உற்றுப் பார்க்காதீர்கள், பிள்ளைகளுக்கு அது விசாரணை மாதிரி இருக்கும். பார்வை கொஞ்சம் தாழ்ந்திருக்கலாம்.

இப்போது ஒரு வீட்டு உரையாடலைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் சாப்பிடும்போது, "எனக்கு இந்த ஸ்கூலே பிடிக்கலம்மா" என்கிறாள். வழக்கமாக வருகிற பதில்கள் மூன்று. "ஏன், என்ன குறைச்சல்? இவ்வளவு பீஸ் கட்டியிருக்கோம்." "போகப் போகப் பழகிடும், விடு." "அத்தை பொண்ணும் அங்கதானே படிச்சா, அவ ஏதாவது சொன்னாளா?" முதலாவது குற்றம் சாட்டுகிறது, இரண்டாவது கதவைச் சாத்துகிறது, மூன்றாவது ஒப்பிடுகிறது. மூன்றில் எது வந்தாலும் மகள் சொல்லப்போவது ஒன்றுதான்: "ஒண்ணுமில்ல, விடுங்க."

அதே இடத்தில் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு மூச்சு பொறுத்து, "பிடிக்கலையா..." என்று அவள் சொன்னதையே தணிந்த குரலில் திருப்பிச் சொன்னால், பெரும்பாலும் அடுத்த வாக்கியம் வரும். "கெமிஸ்ட்ரி சார் எல்லார் முன்னாடியும் மார்க்கைப் படிக்கிறார்." "எல்லார் முன்னாடியுமா. உனக்குச் சங்கடமா இருந்திருக்கும்." "அதுகூடப் பரவாயில்லம்மா. அதுக்கப்புறம் பின்னாடி பெஞ்சுல பேர் வச்சுக் கூப்பிடுறாங்க." விஷயம் இங்கேதான் இருக்கிறது, பள்ளிக்கூடத்திலோ கெமிஸ்ட்ரியிலோ இல்லை. முதலில் சொல்வதைச் சொல்லிப் பிள்ளைகள் ஆழம் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பது மூன்றாவது, நான்காவது வாக்கியத்தில்தான் வெளிவரும்.

அதன் பிறகு அம்மா கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, எல்லாவற்றிலும் பயனுள்ளது அதுதான் என்பது எங்கள் கருத்து: "நான் ஸ்கூல்ல வந்து பேசணுமா, இல்ல இப்போதைக்குக் கேட்டுக்கிட்டாப் போதுமா?" அறிவுரை வேண்டாதவர்க்கு அறிவுரையும், உதவி தேடி வந்தவர்க்கு வெறும் தலையாட்டலும் கிடைப்பதால்தான் பல வீடுகளில் பேச்சு நின்றுபோகிறது. எது வேண்டும் என்று கேட்டுவிட்டால் அந்தக் குழப்பமே இல்லை.

இதில் தவறுகிற இடங்களும் இருக்கின்றன. திருப்பிச் சொல்லும்போது குரல் மேலே ஏறினால் கிண்டலாகிவிடும். ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிச் சொன்னால், "நான் சொன்னதையே ஏம்மா திரும்பச் சொல்றீங்க?" என்று பிள்ளை எரிச்சல்படும். நாலைந்து வாக்கியத்துக்கு ஒருமுறை போதும். "ஏன்" என்று தொடங்கும் கேள்வி, கேட்பவர் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், பதில் சொல்பவரைத் தற்காப்புக்குத் தள்ளும். "என்ன ஆச்சு", "எப்பலேர்ந்து", "அப்புறம்" ஆகியவை பாதுகாப்பானவை. வளர்ந்த பிள்ளைகளை நேருக்கு நேர் உட்காரவைப்பதைவிட, பைக்கில் பின்னால் ஏற்றிப் போகும்போதோ, சேர்ந்து பூண்டு உரிக்கும்போதோ, துணி மடிக்கும்போதோ பேச்சு எளிதாக வரும். கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் அப்போது இல்லை. செல்போனைக் கவிழ்த்து வைப்பது போதாது, அடுத்த அறையில் வையுங்கள். நீங்களே களைத்து வந்திருந்தால் கேட்பதுபோல் பாவனை செய்யாதீர்கள். "இப்ப என்னால ஒழுங்காக் கேட்க முடியலடா, சாப்பிட்டு ஒன்பது மணிக்கு மாடிக்குப் போகலாம்" என்று நேரம் சொல்லுங்கள். ஒன்பது மணிக்குப் பிள்ளை மறந்திருந்தாலும் நீங்கள் போய்க் கூப்பிட வேண்டும். ஒருமுறை தவறினால் அடுத்த முறை அவன் வரமாட்டான்.

ஒரு சூழ்நிலையில் மட்டும் மேலே சொன்னவற்றோடு நிறுத்தக் கூடாது. "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தால் பதறிப்போய், "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மறைத்து வைத்ததைச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்துங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுக்காதீர்கள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை 24 மணி நேரமும் உண்டு, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 என்ற உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். இத்தகைய அழைப்புகளைக் கேட்பதற்கென்றே லண்டனில் 1953-லும் சென்னையில் 1986-லும் தன்னார்வ அமைப்புகள் தோன்றின. அங்கே தொலைபேசியை எடுப்பவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள் இல்லை, கேட்கப் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். இந்தத் திறமையைக் கற்றுத்தர முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தொழிலில் கேட்பது என்றால் மருத்துவரின் அறையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1984-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிய சராசரி 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டார். விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் நியாயமா என்று சுவிட்சர்லாந்தில் பார்த்தார்கள். 2002-ல் வெளிவந்த அந்த ஆய்வில், குறுக்கிடாமல் விடப்பட்ட 335 நோயாளிகள் தாங்களாக முடித்துக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 92 விநாடி. நூற்றுக்கு 78 பேர் 2 நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். நம் ஊர் ஓ.பி. வரிசையின் நீளம் எங்களுக்குத் தெரியும், ஒவ்வொருவருக்கும் கால் மணி நேரம் கொடுங்கள் என்று கேட்கவில்லை. முதல் ஒரு நிமிடம் பேனாவைக் கையில் எடுக்காமல் கேட்டால், பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும்.

முடிக்கும்போது கேட்கிற கேள்வியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. "வேற ஒண்ணும் இல்லையே?" என்றால் "இல்லைங்க டாக்டர்" என்றுதான் பதில் வரும், அந்தக் கேள்வியே இல்லை என்ற பதிலைக் கையில் கொடுத்துவிடுகிறது. "வேற என்னென்ன தொந்தரவு இருக்கு?" என்று கேளுங்கள். நெஞ்சுவலியைப் பற்றிக் கடைசியில் கதவைத் திறந்தபடி சொல்கிற நோயாளி, அதை உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிடுவார்.

அலுவலகத்திலும் பட்டறையிலும் கெடுதல் செய்கிற கேள்வி "புரிஞ்சுதா?" என்பது. மேலதிகாரி கேட்டால் "புரிஞ்சுது சார்" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. விமானப் போக்குவரத்தில் இதை நம்பி யாரும் வேலை செய்வதில்லை. கட்டுப்பாட்டு அறை சொன்ன உயரம், திசை, ஓடுபாதை எண் எல்லாவற்றையும் விமானி திருப்பிச் சொல்ல வேண்டும், அது சரிதானா என்று சொன்னவர் கவனித்துக் கேட்க வேண்டும். 1977 மார்ச் 27-ல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் 2 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட அனுமதி கிடைத்துவிட்டதாக ஒரு விமானி எடுத்துக்கொண்டதும், எச்சரித்த குரல்கள் விமானத்தின் ரேடியோ தொடர்பில் ஒன்றோடொன்று மோதித் தெளிவில்லாமல் போனதும் அதற்குக் காரணங்களில் முக்கியமானவை. பொறுப்பு சொன்னவருக்கும் கேட்டவருக்கும் சேர்த்துத்தான். ஆகவே, "நான் சரியாச் சொன்னேனான்னு பார்த்துக்கிறேன், என்ன செய்யப்போறீங்கன்னு ஒருதடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டு கேட்பதால் எதிரே இருப்பவர் கூச்சப்படமாட்டார். ஷிப்ட் மாறும்போதும் மாத்திரை வேளை சொல்லும்போதும் இது கட்டாயம் வேண்டும்.

கூட்டங்களுக்கு இரண்டே சொற்கள்: வயதிலும் பதவியிலும் இளையவர் முதலில் பேசட்டும், தலைவர் கடைசியில் பேசட்டும். நடுவில் உங்களுக்கு ஒரு பதில் தோன்றினால் அதை ஒரே சொல்லில் தாளில் குறித்துவிடுங்கள். மறந்துவிடுவோமோ என்ற பயம் போனால் காது திறக்கும்.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். "அப்பா யார் பேச்சையும் கேட்கமாட்டார், பிடிவாதம்" என்று சொல்லப்படுபவர்களில் எத்தனையோ பேருக்கு உண்மையில் காது மந்தமாகியிருக்கிறது. முதுமையில் உயர்ந்த அதிர்வெண் ஒலிகள்தான் முதலில் போகும். உயிரொலிகள் கேட்கும், ச, ஸ, த போன்ற மெய்யொலிகள் கலங்கும். பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்று விளங்குவதில்லை. கத்தினால் தெளிவு கூடாது, முகம் கோபமாகத் தெரிவதுதான் மிச்சம். டி.வி.யை நிறுத்திவிட்டு, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, கேட்கும் திறன் சோதனைக்கு அழைத்துப் போங்கள்.

கடைசியாகப் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பேச்சுப் போட்டிக்குக் கோப்பை வைத்திருக்கிறோம், கேட்பதற்கு ஒரு பீரியட் கூட இல்லை. மாதம் ஒருமுறை 15 நிமிடம் ஒதுக்கினால் போதும். இரண்டிரண்டு பேராக உட்காரவையுங்கள். ஒருவர் 3 நிமிடம் பேச வேண்டும், மற்றவர் கேள்வியே கேட்காமல் கேட்க வேண்டும். பிறகு கேட்டவர் ஒரு நிமிடத்தில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், பேசியவர் திருத்த வேண்டும். பிறகு இடம் மாறலாம். தொடக்கத்தில் மூன்று பிழைகள் வரும்: சொல்லாத காரணத்தைச் சேர்ப்பது, பேசியவரின் வருத்தத்தை விட்டுவிட்டுச் சம்பவத்தை மட்டும் சொல்வது, நடுவில் தன் யோசனையை நுழைப்பது. ஆசிரியர் திருத்த வேண்டாம். "நான் அப்படிச் சொல்லலையே" என்று பேசிய பிள்ளையே சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஆற்றுப்படுத்துநர் பயிற்றுநர்கள் இருவர்,
திருச்சி.