படத்தை முடித்துவிட்டுத் தேதி சொல்லுங்கள்

ஒன் பஞ்ச் மேன் அனிமேயின் தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் ஜப்பானிய அனிமேஷன் தொடரின் மூன்றாவது சீசனில் சண்டைகள் அசையாத படங்களாக வந்த விவகாரத்தை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. 2025 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ரசிகர்கள் என்ன பேசினார்கள் என்பது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். ஹீரோக்களை வேட்டையாடும் காரோ மலைச்சரிவில் கால் அசையாமல் வழுக்கிக்கொண்டே இறங்கிய அந்தச் சில நொடிகளுக்கு வந்த மீம்களைச் சேர்த்தால் தனியாக ஒரு சீசன் தேறும். நானும் சிரித்தேன். என் புகாரே அதுதான். காரோவைப் பார்த்துச் சிரிப்பதற்காக, இரண்டாவது சீசன் வந்த 2019-லிருந்து யாரும் காத்திருக்கவில்லை.

அவன் கதை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். பள்ளியில் ஹீரோ விளையாட்டு விளையாடினால் அரக்கன் வேடம் எப்போதும் அவனுக்குத்தான். எல்லோருக்கும் பிடித்த பையன் ஹீரோ. அடி வாங்குவது இவன். டிவியில் ஹீரோ ஜெயிக்கும்போது மற்ற பிள்ளைகள் கைதட்ட, இவன் மட்டும் தோற்ற அரக்கனுக்காக அழுதவன். வளர்ந்து ஹீரோக்களை வேட்டையாடுகிறான், தன்னை அரக்கன் என்றே சொல்லிக்கொள்கிறான். அப்படிப்பட்டவனிடம் தாரியோ என்ற பொடியன் ஒரு ஹீரோ புத்தகத்தோடு வந்து ஒட்டிக்கொள்கிறான். அந்தப் பையன் மேல் நிஜ அரக்கர்கள் கை வைத்ததும் காரோ அவர்கள் மேலேயே பாய்கிறான். அப்போதும் தான் நல்லவன் என்று ஒப்புக்கொள்ள மாட்டான். வாய் ஒன்று சொல்லும், உடம்பு வேறொன்று செய்யும். அவன் மனசு வெளியே தெரிவது உடம்பு வழியாக மட்டும்தான். அந்த உடம்பு அசையாவிட்டால் நமக்குக் கிடைப்பது வாய் சொல்லும் பொய் மட்டுமே.

திரையில் நடந்தது அதுதான். அடி விழும் இடத்தில் ஒரு வெள்ளை வெளிச்சம், அப்புறம் ஓர் அசையாத முகம், கேமரா மட்டும் மெதுவாக நகர்கிறது, பின்னணியில் யாரோ கத்துகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் தங்கைக்குக் காரோ யார் என்றே தெரியாது. தாரியோவுக்காக அவன் சண்டை போடும் கட்டத்தில் அவள் என்னிடம் கேட்டது: "நெட் மாட்டிக்கிச்சாண்ணா?" எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. கதையை நானே வாயால் சொல்லிப் புரியவைத்தேன். சண்டைக் காட்சிக்குப் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பொழிப்புரை சொல்ல வேண்டியிருந்தால், அதை எதற்காகப் படமாக எடுக்க வேண்டும்?

உங்களுக்குச் செய்யத் தெரியாது என்று சொல்ல வரவில்லை. 2015-இல் மேட்ஹவுஸ் ஸ்டுடியோவில் உருவாகி வந்த முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் வரும் சாதாரண ஹீரோ முமென் ரைடர், தன்னால் ஜெயிக்க முடியாது என்று நன்றாகத் தெரிந்தும் ஆழ்கடல் அரசன் என்ற அரக்கன் முன்னால் போய் நிற்கிறான். கொட்டும் மழை. அடிபட்டு விழுந்தவன் எழுந்திருக்கும்போது கால் தடுமாறுவதும், முஷ்டியை ஓங்கும்போது உடம்பு முழுக்க ஒரு பக்கம் சாய்வதும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அவன் குத்து அரசனை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தக் குத்துக்கு எடை இருந்தது, நாம் அழுதோம். அதே எபிசோடை இரண்டு அசையாத படங்களை வைத்து ஓட்டியிருந்தால் முமென் ரைடர் வெறும் கோமாளியாகியிருப்பான்.

அழகாக வரையுங்கள், நிறைய வரையுங்கள் என்பதல்ல என் கோரிக்கை. இந்தக் கதையே 2009-இல் ஒன் என்ற பெயரில் எழுதும் ஆசிரியர் இணையத்தில் கிறுக்கல் போன்ற கோடுகளில் தொடங்கியதுதான். அந்தக் கோடுகளே நம்மைச் சிரிக்கவும் கலங்கவும் வைத்தன. அசையாத படத்திலும் உணர்ச்சி உண்டு. எவாஞ்சலியன் என்ற வேறொரு அனிமேயில் லிஃப்டுக்குள் இரண்டு பெண்கள் பேசாமல் நிற்கும் காட்சி கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஓடும், பார்ப்பவருக்கு மூச்சு முட்டும். அங்கே அந்த அசைவின்மைக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் படத்தில் அசையாமல் நின்றவை நேரம் போதாமல் நின்றவை. இந்த வித்தியாசம் ரசிகனுக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்தக் கதையை மங்காவாக, அதாவது காமிக்ஸாக, வரையும் முராதா அவர்கள் அதில் சில சண்டைகளைப் பக்கம் பக்கமாக வரைந்து, வேகமாகப் புரட்டினால் ஓடும்படி செய்தவர். காகிதம் ஓடியது, டிவி நின்றது!

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: முதலில் படத்தை முடியுங்கள், அப்புறம் தேதி சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் குழுவின் பெயராகப் படத்தில் போட்டிருப்பது 'ஹீரோ சங்கத் தலைமையகம்'. யார் வைத்தார்களோ, தீர்க்கதரிசி. கதையில் வரும் அந்தச் சங்கம்தான் கதாநாயகன் சைதாமாவுக்கு எழுத்துத் தேர்வில் மார்க் குறைவு என்று கடைசிப் படியான சி வகுப்பில் தள்ளியது. சி வகுப்புக்காரன் வாரத்துக்கு ஒரு நல்ல காரியமாவது செய்து கணக்குக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். வாரம் ஒரு எபிசோடு கொடுத்தே ஆக வேண்டிய அனிமேட்டர்களுக்கு இந்த விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடி வாங்கியதும் அவர்கள்தான். வசவு தாங்காமல் இயக்குநர் சமூக ஊடகக் கணக்கையே மூடிவிட்டுப் போனார். திட்டியவர்களில் என்னைப் போன்ற ரசிகர்கள்தான் இருந்தார்கள், அது கேவலம். ஆனால் பணம் எவ்வளவு, காலம் எவ்வளவு என்று முடிவு செய்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. மூன்றாவது சீசன் வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தீர்கள். மூன்று வருடத்தில் எத்தனை மாதம் வரைகிறவர்கள் கைக்குப் போனது? ஜப்பானில் நாஃப்கா என்ற அமைப்பு எடுத்த கணக்கெடுப்பில் அனிமே தொழிலாளர்களின் வேலை நேரம் சராசரியாக மாதம் 219 மணி. நடுவரிசைக் கூலி, அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் கூலி, மணிக்கு 1,111 யென். கணக்கெடுப்பு நடந்த சமயத்தில் டோக்கியோவில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலியே 1,113 யென். 2023-இல் அனிமே சந்தை 3.3 டிரில்லியன் யென்னைத் தாண்டியது, அதில் பாதிக்கு மேல் எங்களைப் போன்ற வெளிநாட்டு ரசிகர்களிடமிருந்து வந்தது. அந்தப் பணம் பென்சில் வரைக்கும் போய்ச் சேரவில்லை என்பது திரையிலேயே தெரிகிறது. அது தெரியாமல் இருக்கத்தான் வெள்ளை வெளிச்சமா?

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன். மன்னிக்கவும்.

காரோவின் கதை இன்னும் முடியவில்லை. சைதாமாவோடு அவன் மோதும் இடம் மிச்சம் இருக்கிறது. அங்கேயும் அவன் வாய் பொய் சொல்லும், உடம்புதான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அதற்கு எத்தனை வருடம் ஆனாலும் நாங்கள் காத்திருப்போம். காத்திருந்து பழகியவர்கள்தானே. தயவுசெய்து அந்தப் பகுதிக்கு மட்டுமாவது, எல்லாக் காட்சிகளும் வரைந்து முடிந்து, திருத்தி முடிந்த பிறகு ஒளிபரப்புத் தேதியை அறிவியுங்கள். வரைகிறவர்களுக்குக் கூடுதல் மாதங்களுக்கான சம்பளத்தையும் சேர்த்தே திட்டம் போடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாதாமாதம் சந்தா கட்டும் ஒரு ரசிகன்