கை நடுக்கத்தை அளக்கிற கருவியை ஆஸ்பத்திரிலேயே கொடுத்து அனுப்பணும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல, கையில ஒரு ஸ்மார்ட் வாட்ச் கட்டினா போதும், கை நடுக்கம் வர்ற பார்க்கின்சன்ங்கிற நரம்பு வியாதியைக் கண்டுபிடிச்சிடலாம்ங்கிற மாதிரி ஒரு செய்தி வந்துச்சு. அதைப் படிச்சிட்டு எங்க அல்சூர்ல தெரிஞ்சவங்க சிலர் எந்த வாட்ச் வாங்கலாம்னு என்கிட்டயே கேக்க ஆரம்பிச்சிட்டாங்க, அதனாலதான் எழுதுறேன். எனக்கு வேலை இங்க பீனியா தொழிற்பேட்டையில, மோட்டார் பம்ப் இதுக்கெல்லாம் சென்சார் வச்சு அதிர்வு டெஸ்ட் பண்றது. வீட்ல எங்கம்மாவுக்கு பல வருஷமா பார்க்கின்சன்.

முதல்ல ஒண்ணு, வாட்ச் வியாதியைக் கண்டுபிடிக்காது. நடுக்கத்துக்கு நூறு காரணம் இருக்கு, தைராய்டு கூடினாலும் நடுங்கும், ஆஸ்துமாவுக்கு எடுக்கிற சால்புட்டமாலுக்கும் நடுங்கும், வலிப்புக்குக் கொடுக்கிற வால்ப்ரோயேட்டுக்கும் நடுங்கும். பார்க்கின்சன்ல கையை மடியில சும்மா வச்சிருக்கும்போதுதான் பொதுவா அதிகமா ஆடும், ஒரு செகண்டுக்கு 4லேர்ந்து 6 தடவை. எசென்ஷியல் ட்ரெமர்னு இன்னொண்ணு இருக்கு, அது டம்ளரைத் தூக்கும்போது, கையெழுத்து போடும்போது ஆடும், அதோட வேகம் 4லேர்ந்து 12 வரைக்கும் போகும். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வருதுல்ல, அப்ப வேகத்தை மட்டும் வச்சு இதுதான்னு எப்படி முடிவு பண்றது? அதை நரம்பு டாக்டர்தான் பாத்து சொல்லணும்.

ஆனா வியாதி இன்னதுன்னு தெரிஞ்ச பிறகு நடுக்கம் எவ்வளவு, எப்ப கூடுது எப்ப குறையுதுன்னு அளக்கிறதுக்கு வாட்ச்ல இருக்கிற சென்சார் ரொம்ப ரொம்ப உபயோகம். அந்தச் செய்தியில அதைப் பத்தி ஒரு வரிகூட இல்ல, அதுதான் எனக்கு வருத்தம்.

இப்ப டாக்டருங்க எப்படி அளக்குறாங்கன்னா, 2008ல வந்த எம்டிஎஸ்-யுபிடிஆர்எஸ்ங்கிற ஸ்கோர் முறையில கையைப் பாத்து 0லேர்ந்து 4 வரைக்கும் மார்க் போடுவாங்க. கை சும்மா இருக்கும்போது ஆடுறது 1 செ.மீ.க்குள்ள இருந்தா 1, 3 செ.மீ. வரைக்கும் 2, 10 செ.மீ. வரைக்கும் 3, அதுக்கு மேல 4. குறை சொல்லல, உலகம் பூரா இதுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, 9 செ.மீ. ஆடுன கை மருந்து மாத்தின பிறகு 4 செ.மீ. ஆடுதுன்னா பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு, வீட்ல பாக்குற நமக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி, ஸ்கோர்ல அப்பவும் 3 தான் இப்பவும் 3 தான். சென்சார்ல அது பளிச்சுனு தெரியும்.

அதைவிடப் பெரிய விஷயம் நேரம். பார்க்கின்சனுக்கு முக்கியமான மருந்து லெவோடோபா, ஆரம்பத்துல நல்லா கேக்கும், சில வருஷம் போனா ஒரு வேளை மாத்திரையோட வேலை அடுத்த வேளை வர்றதுக்குள்ளயே தீர்ந்துடும், அந்த இடைவெளியிலதான் நடுக்கமும் இறுக்கமும் திரும்ப வரும். பருப்பு முட்டைன்னு புரதம் அதிகமா சாப்பிட்டு அதோடயே மாத்திரை போட்டா சிலருக்கு சரியா ஏறாது. இதெல்லாம் டாக்டர் ரூம்ல எப்படித் தெரியும்? எங்கம்மா காலையில மாத்திரை போட்டுட்டு வந்து ஓபில உக்காந்திருப்பாங்க, உள்ள கூப்பிடும்போது மருந்து நல்லா வேலை செய்ற நேரமா இருந்தா கை அமைதியா இருக்கும், க்யூவுல காத்திருந்து பதட்டமாகிட்டா வழக்கத்தைவிட ஜாஸ்தியா ஆடும். ரெண்டுமே வீட்ல நடக்கிறதைக் காட்டாது. வெளிய ஆயிரம் பேர் நிக்கும்போது டாக்டர்தான் என்ன பண்ணுவார், "எப்பம்மா ஜாஸ்தியா இருக்கு?"ன்னு கேப்பார், அம்மா என் மூஞ்சியப் பாப்பாங்க, நான் வேலைக்குப் போறவன், மத்தியானம் 3 மணிக்கு என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும். டைரி எழுதிட்டு வாங்கன்னு சொல்வாங்க, கை ஆடுறவங்க பேனா புடிச்சு நாள் பூரா எப்படி எழுதுவாங்க சொல்லுங்க.

இதய டாக்டருங்க ஹோல்டர்னு ஒரு மிஷினை மாட்டி விட்டு ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பி, மறுநாள் வாங்கி ரிப்போர்ட் பாக்குறாங்க இல்லையா. நடுக்கத்துக்கும் அதையே பண்ணணும்ங்கிறதுதான் என் கோரிக்கை. இது கற்பனை இல்லீங்க. ஆஸ்திரேலியாலேர்ந்து வந்த பார்க்கின்சன்ஸ் கைனட்டிகிராஃப்ங்கிறது இப்படித்தான், மணிக்கட்டுல சில நாள் கட்டிட்டு இருக்கணும், மாத்திரை நேரம் வந்தா அதுவே அதிர்ந்து ஞாபகப்படுத்தும், போட்டதும் அதுல பதிவு பண்ணலாம், அப்ப மாத்திரைக்கு அப்புறம் கை எப்படி இருக்குன்னு கிராஃப்லயே வந்துடும். ஆப்பிள் வாட்சை வச்சு பார்க்கின்சன் நடுக்கத்தைக் கவனிக்கிற ஸ்ட்ரைவ்பிடிங்கிற ஆப்புக்கு அமெரிக்கால மருந்து, மருத்துவக் கருவிக்கெல்லாம் அனுமதி கொடுக்கிற எஃப்டிஏ 2022லேயே அனுமதி கொடுத்தாச்சு.

கண்ட ஆப்பையும் நம்பி நம்பரைப் பாத்து பயப்படாதீங்கன்னு என் வேலையை வச்சே சொல்றேன். வாட்சுக்குள்ள இருக்கிற ஆக்ஸிலரோமீட்டர்ங்கிற சென்சார் அளக்கிறது முடுக்கம், அதாவது கையோட வேகம் எவ்வளவு சட்டுனு மாறுதுங்கிறது, கை எத்தனை செ.மீ. ஆடுதுங்கிறதை நேரா அளக்கல. செகண்டுக்கு 5 தடவை, நடுவுலேர்ந்து பக்கத்துக்கு 1 செ.மீ. ஆடினா முடுக்கம் கிட்டத்தட்ட 1 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம் அளவுக்கு வரும். அதே 1 ஜி, செகண்டுக்கு 10 தடவை ஆடுற கையில வந்தா ஆட்டம் கால் செ.மீ. தான். அப்ப செகண்டுக்கு எத்தனை தடவைன்னு சொல்லாம வெறும் ஜி கணக்கு காட்டுற ஆப்பால என்ன பிரயோஜனம்? இன்னொண்ணு, கையைச் சும்மா திருப்பினாலே புவியீர்ப்பு வேற திசையில விழுந்து அதுவும் ரீடிங்ல கலந்துடும், அதனாலதான் நல்ல கருவியில கூடவே கைரோஸ்கோப்பும் வைப்பாங்க, அது திரும்புற வேகத்தை அளக்கும், அதுக்கு புவியீர்ப்பு தொந்தரவு கிடையாது. பல் தேய்க்கிறது, வெங்காயம் நறுக்குறது, ஓசூர் ரோட்டுல ஆட்டோல குலுங்குறது இதெல்லாம் நடுக்கம் மாதிரியே பதிவாகலாம், அதைப் பிரிச்சு எடுக்கிற சாஃப்ட்வேரை நோயாளிங்க மேல டெஸ்ட் பண்ணி சரிபாத்திருக்கணும். கட்டுற கை எதுங்கிறதும் முக்கியம், பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் ஆரம்பிக்கும், வலது கை ஆடுறவர் வழக்கப்படி இடது கையில வாட்ச் கட்டிக்கிட்டா ரீடிங் சமத்தா இருக்கும், ஆள் சமத்தா இல்ல.

நடுக்கம் மட்டுமே பார்க்கின்சன் கிடையாது, சிலருக்கு நடுக்கமே இருக்காது, ஆனா காலைத் தேய்ச்சு தேய்ச்சு நடப்பாங்க, சட்டை பட்டன் போட முடியாது. கிராஃப் கீழ இருக்குன்னு மாத்திரையை நீங்களா குறைச்சிடாதீங்க, தயவுசெஞ்சு.

நரம்பு, மனநல வைத்தியத்துக்குப் பேர்போன நிமான்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் இது. நம்ம பெங்களூருல அரசு ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவுகள்ல சரிபாத்த கருவி கொஞ்சம் வாங்கி வச்சு, டெபாசிட் வாங்கிட்டோ இல்லாதவங்களுக்கு சும்மாவோ அடுத்த ஓபிக்கு முந்தின வாரம் கொடுத்து அனுப்பலாம். அதோட வார் ஒட்டுற மாதிரி இருக்கணும், ஆடுற கையால பக்கிள் மாட்ட முடியாது. ரிப்போர்ட் ஒரே பக்கத்துல, மாத்திரை நேரமும் நடுக்கமும் ஒண்ணா, கன்னடத்துலயும் தமிழ்லயும் வரணும், இங்க எத்தனையோ பெரியவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த டேட்டா யார்கிட்ட போகுதுன்னு எழுத்துல சொல்லணும், 2023லேயே தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு, கம்பெனிக்காரங்க நோயாளி கிட்ட கேக்காம எடுத்துட்டுப் போகக் கூடாது.

உங்க பேப்பர்ல ஒரு நரம்பியல் டாக்டரையும் ஒரு பயோமெடிக்கல் இன்ஜினியரையும் உக்கார வச்சு இதைப் பத்தி ஒரு முழுப் பக்கம் போடுங்க ஐயா. வாசகர்கள் கேள்வி அனுப்பட்டும். என் முதல் கேள்வி இப்பவே சொல்லிடுறேன்: இந்த மாதிரி கருவியோட ரிப்போர்ட்டை எங்க ஊர்ல எந்த ஆஸ்பத்திரியில பாத்து மாத்திரை நேரத்தை மாத்திக் கொடுக்கிறாங்க?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு