நோட்டுப் புத்தகத்துக்கு முன் சம்பளப் பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் சிறிதாகத் தொடங்கி ஐம்பது பேர் வரை வளர்ந்த நிறுவனங்கள் பல. பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகம், கோடையில் நீர்மோர்ப் பந்தல் என்று அவை செய்வது நல்ல காரியம். அதற்கு முன் சம்பளப் பட்டியலையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கம்பெனிகள் சட்டம் 2013, ஆண்டு நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனிகளை, முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. தொழிலாளிகளுக்காகச் சட்டப்படி கட்ட வேண்டிய ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அந்தக் கணக்கில் சேராது. அவை கடமை.

தவறு நடப்பதும் அந்தக் கடமையில்தான். மாதம் 26 நாள் உழைத்து 12,000 ரூபாய் வாங்குபவருக்கு ஈ.எஸ்.ஐ.யில் 10 நாள் மட்டும் காட்டுகிறார்கள். சம்பளத்தில் முதலாளி கட்ட வேண்டிய பங்கு 3.25 சதவீதம், இப்படிக் குறைத்துக் காட்டி அவருக்கு மிச்சமாவது மாதம் சுமார் 240 ரூபாய். நோய்க்கால உதவித்தொகை பெற அரையாண்டில் 78 நாள் சந்தா வேண்டும். பத்துப் பத்தாகக் காட்டினால் 60-தான் வரும். முறையாகக் கட்டியிருந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், அதாவது நாளுக்குச் சுமார் 320 ரூபாய், 91 நாள் வரை கிடைத்திருக்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைதான் பலன். அதனால் குறைத்துக் கட்டியது அந்த மாதமே யாருக்கும் தெரியாது. படுக்கையில் விழுந்த பிறகே தெரியும். அப்போது பின்தேதியிட்டுச் சரிசெய்ய ஓடுவது வீண்.

ஒப்பந்தத் தொழிலாளிகள் விஷயத்தில் "அது கான்ட்ராக்டர் பாடு" என்பது செல்லாது. அவர் கட்டாவிட்டால் பொறுப்பு, அவரிடம் வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளிக்கே. பெயர்வாரியாகச் சந்தா கட்டிய பட்டியலும் சலானும் வராமல் கான்ட்ராக்டரின் பில்லைப் பாஸ் செய்யக் கூடாது.

தலைவர் என்பவர் தன் ஆட்களுக்கு ஊழியம் செய்பவர் என்று மேடையில் பேசுகிறோம். பட்டறையில் அதற்கு வழி எளிது. பத்துப் பேர் இருந்தபோது முதலாளி காதில் நேராக விழுந்த குறை, ஆள் பெருகியதும் சூப்பர்வைசரோடு நின்றுவிடுகிறது. ஓவர்டைமைத் தன் சொந்தக்காரருக்கே ஒதுக்கும் சூப்பர்வைசர் அதை மேலே சொல்வாரா? வாரம் கால்மணி நேரம், அவர் இல்லாமல், "வேலைக்கு என்ன இடைஞ்சல்?" என்று முதலாளியே கேட்க வேண்டும். கிரைண்டிங் மிஷினுக்குக் கவசம் இல்லை, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதெல்லாம் அங்கேதான் வெளிவரும். பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஆண்கள் நடுவில் தாழ்ப்பாளைப் பற்றிப் பேச மாட்டார்கள். முடியாததை முடியாது என்று காரணத்தோடு அடுத்த வாரமே சொல்லிவிட வேண்டும். பதில் வராவிட்டால் மூன்றாம் வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மாவட்டத் தொழில் மையம் கடன், மானியம் பற்றி நடத்தும் கூட்டங்களில் இந்த 78 நாள் கணக்கையும் தொழில்முனைவோருக்குச் சொல்லித் தரும்படி தங்கள் நாளிதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

தொழிலாளர் நலக் கணக்கர்,
கடலூர்