ஜாக்கி, ரோமியோ, வாலன்டைன்: டண்டியிலிருந்து தம்பிக்கு

டண்டி, ஸ்காட்லாந்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். டிசம்பரில் மதியம் மூன்றரை, மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, டே ஆற்றுக் காற்று வேறு. சனிக்கிழமையானால் ஜனங்கள் சாரிட்டி கடைகளை மேய்கிறார்கள். வீட்டில் வேண்டாத பொருளைக் கொடுத்துவிடுவார்கள், விற்ற காசு தர்ம காரியத்துக்குப் போகும். நீ கேட்ட அறுபதுகளின் காதல் காமிக்ஸ் அந்தப் பெட்டிகளில்தான் அகப்படும். அதைப் பார்த்து வாங்கும் விதத்தைச் சொல்கிறேன்.

சணல், ஜாம், பத்திரிகை மூன்றுக்கும் பேர்போன ஊர் இது. வங்காளத்துச் சணல் கப்பலில் வந்து இறங்கிய இடம். டி.சி. தாம்சன் என்ற பத்திரிகைக் கம்பெனி இங்கேதான் இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கான வார இதழ்களாக 1957-இல் 'ரோமியோ'வையும், 1964 ஜனவரி 11-ஆம் தேதி 'ஜாக்கி'யையும் தொடங்கியவர்கள் அவர்கள். ஜாக்கியின் முதல் இதழ் விலை ஆறு பென்ஸ். 1993 வரை வந்தது. லண்டனிலிருந்து 'மர்லின்' (1955), 'மிராபெல்' (1956), 'வாலன்டைன்' (1957) வந்தன. வாலன்டைன் அந்நாளைய பாப் பாட்டுகளின் தலைப்பை வைத்தே கதை பின்னியது.

இந்தக் கதைகளை நிறைய வரைந்தவர்கள் ஸ்பெயின்காரர்கள். ஸ்கிரிப்ட் பிரிட்டனிலிருந்து பார்சிலோனா ஏஜென்சிகளுக்குப் போகும், படம் வரைந்து திரும்பி வரும். ஏஜென்சி கமிஷன் போக மிஞ்சியதே ஸ்பெயினில் கிடைக்கும் கூலியைவிட அதிகம். காற்றில் பறக்கும் கூந்தல், பெரிய கண்கள், பக்கம் கொள்ளாத முகங்கள் எல்லாம் அவர்கள் கைவண்ணம். பின்னாளில் வாம்பிரெல்லா என்ற அமெரிக்கத் திகில் காமிக்ஸை வரைந்த ஹோசே கொன்சாலெஸும் அதில் ஒருவர். உன் இரும்புக்கை மாயாவியை வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோவும் பார்சிலோனாக்காரர்தான். அதை முதலில் வெளியிட்ட லண்டன் பதிப்பகம் பிளீட்வேதான் வாலன்டைனையும் நடத்தியது. தாம்சன் இதழ்களில் ஓவியர் பெயரே இருக்காது. இத்தனை நல்ல கோடுகளுக்குக் கையெழுத்து இல்லாதது எனக்கு இன்றும் ஆறவில்லை. அதனால் "இன்னார் வரைந்தது" என்று விற்பவர் விலையை ஏற்றினால், கோட்டைப் பார்த்து நீயே முடிவு செய்.

இனி முக்கியமானது. அட்டை நன்றாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதே. பெண்பிள்ளைகள் பாடகர் படங்களை வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள். ஜாக்கி ஒரே ஆளின் முழு உருவப் படத்தை மூன்று துண்டாக்கி மூன்று வாரம் தந்தது, அதனால் நடுப்பக்கம் போன இதழ்கள் ஏராளம். பின் அடித்த இடத்தைத் திறந்து, நடுத்தாள் இருக்கிறதா, பக்க எண் தொடர்கிறதா என்று பார். கூப்பன் வெட்டிய இடத்தில் பின்பக்கத்துக் கதைக்கட்டமும் போயிருக்கும். கேத்தி அண்ட் கிளேர் பெயரில் வந்த பிரச்சினைக் கடிதப் பக்கத்தையும் கிழித்து வைத்துக்கொள்வார்கள்; அதையும் பார்த்துக்கொள்.

ஆண்டு தெரியாவிட்டால் விலையைப் பார். 1971 பிப்ரவரி 15-க்கு முன் பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், பென்ஸுக்கு 'டி' (d) என்ற எழுத்து; அதன்பின் 'பி' (p). 'பி' மட்டும் போட்டிருந்தால் எழுபதுகளிலோ அதற்குப் பிறகோ வந்த இதழ், அறுபதுகளின் விலை கொடுக்காதே. கெட்டி அட்டை ஆண்டுமலர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிடும், ஆனால் அடுத்த ஆண்டைப் போட்டிருப்பார்கள். பரிசாகக் கொடுத்தவர்கள் விலை அச்சான மூலையை வெட்டியிருப்பார்கள். அதைப் பெரிய குறையாக நினைக்காதே. 'லவ் ஸ்டோரி பிக்சர் லைப்ரரி' போன்ற 64 பக்கக் கையடக்கப் புத்தகங்களில் முதுகு பிளந்து கடைசித் தாள் உதிர்ந்திருக்கும். முடிவு இல்லாத காதல் கதையை வாங்கி என்ன செய்வது? கடைசிப் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கு.

நியூஸ்பிரிண்ட் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம், வெளிச்சம் பட்டால் பழுத்து நொறுங்கும். நம்மூர் ஈரத்தில் பின் துருப்பிடித்துத் தாளையும் தின்றுவிடும். லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை காலப்போக்கில் பழுப்பாகி எழுத்துக்குள் இறங்கும். பி.வி.சி. உறையும் ஆகாது. பாலியெஸ்டர் உறைக்குள், அமிலமில்லாத அட்டையைப் பின்னால் வைத்து, படுக்கவைத்து அடுக்கு. பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் மாற்று.

எந்தெந்த ஆண்டு இதழ் வேண்டும் என்று எழுது. நடுப்பக்கம் உள்ளதாகப் பார்த்து அட்டைப்பெட்டியில் அனுப்புகிறேன். அம்மாவை முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
அக்கா