இரண்டு பின்னா, நான்கு பின்னா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மின்சாரச் சிக்கனக் கட்டுரையில், ஃபால்ஸ் சீலிங்கில் பதித்த விளக்குகளுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள். பழைய சிஎஃப்எல்லைப் பிடுங்கிவிட்டு அதே பின் உள்ள எல்இடியைச் செருகினால் வேலை முடிந்தது என்று அந்த வரி சொல்கிறது. மரை போட்ட பல்புக்கு அது சரி. செருகு பின் பல்புக்குச் சரியில்லை. அதை நம்பி வாங்கினால் பல்பு எரியாமல் போகலாம், எரிந்து இரண்டே மாதத்தில் சாகலாம், ஹோல்டரே கருகவும் செய்யலாம்.

மரை பல்பில் சோக்கு பல்பின் கழுத்துக்குள்ளேயே இருக்கிறது. பல்பைத் தூக்கிப் போட்டால் சோக்கும் சேர்ந்தே போய்விடும். பின் பல்பில் சோக்கு தனியாக ஃபிட்டிங்குக்குள், பெரும்பாலும் சீலிங்குக்கு மேலே, உட்கார்ந்திருக்கும். ஹோல்டருக்கு வருவது மெயின் சப்ளை அல்ல, சோக்கு அளந்து கொடுக்கும் மின்சாரம். ஃப்ளோரசன்ட் குழாய் ஒருமுறை பற்றிக்கொண்டால், விட்ட அளவுக்கு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே போகும். அதற்குக் கடிவாளம் சோக்குதான். ஆகவே பல்பு மாற்றுவதற்கு முன்னால் தெரிய வேண்டியது அந்த ஹோல்டருக்குப் பின்னால் எந்தச் சோக்கு இருக்கிறது என்பதுதான்.

பின்னை எண்ணினால் பாதி விடை கிடைத்துவிடும். இரண்டு பின் பல்பின் அடிக்கட்டைக்குள் சின்ன ஸ்டார்ட்டர் ஒன்று இருக்கும். அதனால் அது இரும்புச் சோக்கோடு வேலை செய்கிற பல்பு. சுவிட்சைப் போட்டதும் இரண்டு மூன்று முறை கண் சிமிட்டிவிட்டு எரியும், லேசாக ரீங்காரமும் கேட்கும். நான்கு பின் பல்பில் ஸ்டார்ட்டர் கிடையாது. இரு முனை இழைகளின் நான்கு நுனிகளும் நேராக வெளியே வருகின்றன. இழையைச் சூடாக்கிப் பற்ற வைக்கும் வேலையைச் சோக்கு பார்த்துக்கொள்கிறது. அது அநேகமாக எலக்ட்ரானிக் சோக்கு. சந்தேகம் இருந்தால் கைபேசி கேமராவை எரியும் பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் இரும்புச் சோக்கு. படம் அசையாமல் நின்றால் பெரும்பாலும் எலக்ட்ரானிக். கடைசி வார்த்தை ஃபிட்டிங்கைத் திறந்து சோக்கின் லேபிளைப் படிப்பதுதான்.

அடுத்தது அடிக்கட்டையில் அச்சிட்டிருக்கும் பெயர். ஜி24டி-3 என்றிருந்தால் 24 என்பது மில்லிமீட்டர் கணக்கிலான பின் அமைப்பின் அளவு. டி என்றால் இரண்டு பின், கியூ என்றால் நான்கு. கடைசி எண் வாட்டைக் காட்டும்: 1 என்றால் 10 அல்லது 13 வாட், 2 என்றால் 18, 3 என்றால் 26. ஜிஎக்ஸ்24கியூ-3 என்ற அடி 26, 32 வாட்டுக்கும், அதிலேயே 4 என்று முடிவது 42 வாட்டுக்கும் உரியது. வாட்டுக்கு வாட் அடிக்கட்டையின் காடி, அதாவது ஹோல்டரோடு பொருந்தும் விளிம்பு வெட்டு, இடம் மாறியிருக்கும். தப்பான பல்பு உள்ளே போகக்கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது.

அந்தக் காடியைத்தான் பிளேடால் சீவிவிட்டுச் செருகுகிறார்கள். 18 வாட் பல்பு கேட்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 0.22 ஆம்பியர், 26 வாட்டின் சோக்கு கொடுப்பது 0.32க்கு மேல். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. பல்பு பளிச்சென்று எரியத்தான் செய்யும், செருகியவருக்கும் திருப்தியாக இருக்கும். சில வாரங்களில் கண்ணாடியின் அடிப்பக்கம் கறுக்கும், வெள்ளைப் பிளாஸ்டிக் டீ நிறத்துக்கு வரும், பிறகு ஹோல்டரின் ஓரம் நொறுங்கத் தொடங்கும். மாற்றிப் போட்டால், அதாவது 18 வாட் சோக்கில் 26 வாட் பல்பைப் போட்டால், மங்கலாக எரியும் அல்லது சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

காடி காப்பாற்றாத இடங்களும் உண்டு. மேசை விளக்குகளில் வரும் ஜி23 அடியில் 5, 7, 9, 11 வாட் நான்கும் ஏறும். அவற்றின் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பெரிய ஆபத்தில்லை. 13 வாட்டுக்கு மட்டும் ஜிஎக்ஸ்23 என்று தனி அடி. ஆனால் அலுவலகச் சதுர ஃபிட்டிங்குகளின் நீள பல்புகளுக்கு இருக்கும் 2ஜி11 அடி அப்படியல்ல. 18 வாட்டிலிருந்து 55 வாட் வரை எல்லாவற்றுக்கும் அதே நான்கு பின் வரிசைதான். அதிலும் 40 வாட்டும் 55 வாட்டும் நீளத்தில்கூட ஒன்று. அங்கே பழைய பல்பின் எழுத்தைப் படிக்காமல் வாங்கவே கூடாது.

இனி எல்இடி. கடையில் ஒரே மாதிரி பெட்டியில் மூன்று ஜாதிகள் கிடக்கும்.

முதல் ஜாதி, இருக்கிற சோக்கிலேயே எரிவது. வயரிங்கைத் தொட வேண்டாம் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கிறது. ஆனால் சோக்கு செத்தால் விளக்கும் அணையும். பத்து வருடம் ஓடிய சோக்கில் 50,000 மணி நேர பல்பைப் போட்டு ஆயுளைக் கணக்குப் போடுவது வீண். சோக்கு தானே தின்னும் சில வாட்டும் தொடரும். எலக்ட்ரானிக் சோக்குகளில் வேறொரு தொல்லை. சில சோக்குகள் இழை இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும். எல்இடியில் இழை ஏது? இழை மாதிரி நடிக்கும் ரெசிஸ்டர் உள்ளே இல்லாவிட்டால், சோக்கு பல்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி நின்றுவிடும். அதனால் பல்பு தயாரிப்பாளர் தரும் பட்டியலில் உங்கள் சோக்கின் மாடல் எண் இருக்கிறதா என்று பார்த்தபிறகே வாங்க வேண்டும். ஒரே சோக்கில் இரண்டு பல்பு ஓடினால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று எல்இடி, ஒன்று சிஎஃப்எல் என்று கலந்து போட்டால் இரண்டுமே ஒழுங்காக எரியாது.

இரண்டாவது, சோக்கைக் கழற்றிவிட்டு நேராக மெயின் சப்ளையில் போடுவது. வேலை கொஞ்சம் அதிகம் என்றாலும் என் ஓட்டு இதற்குத்தான். எம்சிபியை (மெயின் பெட்டியில் இருக்கும் பிரேக்கர் சுவிட்சை) இறக்கி, மீட்டரால் சோதித்து, சோக்கின் எல்லா வயர்களையும் எடுத்துவிட்டு, ஃபேஸையும் நியூட்ரலையும் ஹோல்டருக்குக் கொண்டுவர வேண்டும். நான்கு பின் ஹோல்டரில் எந்த இரண்டு பின்னுக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; பல்பின் உடம்பில் ஒட்டியிருக்கும் படத்தைத்தான் நம்ப வேண்டும், பழக்கத்தை அல்ல. இரும்புச் சோக்கு ஃபிட்டிங்கில் சப்ளைக்குக் குறுக்கே ஒரு கெப்பாசிட்டர் இருக்கலாம். சோக்கு போனபின் அதற்கு வேலை இல்லை; விட்டுவைத்தால் வீணாக மின்னோட்டம் இழுத்துப் பவர் ஃபேக்டரைக் கெடுக்கும். எர்த் வயரை மட்டும் தொடாதீர்கள்.

வேலை முடிந்ததும் ஃபிட்டிங்குக்குள், கண்ணில் படும் இடத்தில், ‘சோக்கு இல்லை, நேர் சப்ளை, சிஎஃப்எல் போடாதே’ என்று எழுதி ஒட்டியே ஆக வேண்டும். இரண்டு வருடம் கழித்து வேறொருவர் அலமாரியில் கிடந்த பழைய இரண்டு பின் சிஎஃப்எல்லை எடுத்து அதே ஹோல்டரில் செருகுவார். கடிவாளம் இல்லாத மின்சாரம் நேராக உள்ளே பாயும். நொடியில் இழை கருகும், பிரேக்கர் விழும், கண்ணாடி வெடிக்கவும் கூடும். ஏணியின் மேல் நிற்பவர் முகத்துக்கு நேரே நடக்கிற காரியம் இது.

மூன்றாவது, இரண்டு விதமாகவும் எரிவது. இன்றைக்குச் சோக்கில் ஓட்டி, சோக்கு செத்த அன்றைக்கு வயரிங் மாற்றிக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கில் ஃபிட்டிங் உள்ள கட்டடத்தில் வேலையைப் பிரித்துச் செய்ய இது தோது.

ஜாதி சரியாக இருந்தாலும் முகம் தப்பிப்போகலாம். டவுன்லைட்டில் (சீலிங்கில் பதித்த கிண்ண விளக்கில்) பல்பு செங்குத்தாகத் தொங்கினால் சுற்றிலும் ஒளி விடும் வகை வேண்டும். படுக்கை வசமாகச் செருகும் ஃபிட்டிங்கில் ஒரு பக்கம் மட்டும் ஒளி விடும் தட்டை வகை. அதில் அடிக்கட்டையைத் திருப்பிக்கொள்ள முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். திரும்பாவிட்டால் ஹோல்டர் அமைந்த கோணத்தைப் பொறுத்து வெளிச்சமெல்லாம் பக்கவாட்டுக்குப் போகும்.

பெட்டியில் ‘26 வாட்டுக்கு ஈடு’ என்று போட்டிருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. லுமென் என்பது பல்பு விடும் ஒளியின் அளவு. 26 வாட் சிஎஃப்எல் தருவது சுமார் 1,800 லுமென்; ஈடு என்று விற்கும் எல்இடியில் பலவும் 900, 1,000 தான். டவுன்லைட்டில் இந்தக் கணக்கு ஓரளவு செல்லும், ஏனென்றால் சிஎஃப்எல் விடும் ஒளியில் கணிசமான பங்கு கிண்ணத்துக்குள்ளேயே வீணாகிறது. எல்இடியோ கீழே பார்த்து விடுகிறது. சுற்றிலும் ஒளி வேண்டிய சுவர் விளக்கில் இந்த ஈடு எடுபடாது. அங்கே லுமெனுக்கு லுமென் பாருங்கள். நிறத்துக்கு 830, 840 போன்ற மூன்றிலக்க எண் போதும்: 8 என்பது நிறத் துல்லியம் 80க்கு மேல் என்பதைக் குறிக்கும், 30 என்றால் 3,000 கெல்வின் மஞ்சள், 40 என்றால் 4,000 வெள்ளை. ஒரே கூடத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

மூடிய கண்ணாடி ஃபிட்டிங்கில் எல்இடி சீக்கிரம் போவது சூட்டினால். வெப்பம் மேலே ஏறி, எலக்ட்ரானிக் பாகங்கள் இருக்கும் அடிக்கட்டையிலேயே தேங்குகிறது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் பழைய கணக்கு. மூடிய ஃபிட்டிங்குக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். மின்தடையின்போது பேட்டரியில் எரியும் அவசர விளக்காக இருந்தால் வயரிங்கில் கை வைக்கும் முன் பேட்டரிப் பெட்டியின் குறிப்பைப் படிக்க வேண்டும். அது ஃப்ளோரசன்ட்டுக்கென்றே செய்யப்பட்டிருந்தால் எல்இடியை ஓட்டாது.

சின்ன ஹாலஜன் குப்பி பல்புகளில் ஜி4, ஜியு5.3 இரண்டும் 12 வோல்ட்; ஜி9, ஜியு10 மெயின் சப்ளை. 12 வோல்ட் வகையில் வரும் தகராறு டிரான்ஸ்ஃபார்மரால். 20 வாட்டுக்குக் குறையாமல் சுமை கேட்கும் எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரில் 4 வாட் எல்இடி ஒன்றை மாட்டினால் சிமிட்டும். பல்பு நல்ல பல்புதான். டிரான்ஸ்ஃபார்மரை எல்இடிக்கானதாக மாற்றினால் சிமிட்டல் நின்றுவிடும்.

சிஎஃப்எல்லைக் கழற்றும்போது கண்ணாடியைப் பிடித்துத் திருகாதீர்கள். அடிக்கட்டையைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டு, சிறிது நேரம் கழித்து அட்டையால் வாரி மூடிய டப்பாவில் போடுங்கள்; துடைப்பமோ வேக்குவம் கிளீனரோ வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தப் பின் சிஎஃப்எல்களைப் புதிதாகச் சந்தைக்கு விடுவது 2023 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. மற்ற இடங்களிலும் பழைய பல்பு கிடைப்பது குறைந்துகொண்டே போவதால், எல்இடிக்கு மாறுகிறவர்கள் இனி பெருகுவார்கள். ஆகவே அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கூடவே, இரண்டு பின், நான்கு பின் அடிக்கட்டைகளின் படத்தையும் போட்டால் வாசகர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டே ஏணி ஏறலாம்.

இப்படிக்கு,
விளக்குப் பராமரிப்புத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்